தினமும் சோப்புப் போட்டுக் கழுவியும் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவது ஏன்?

ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவை, இரண்டு வேளையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், இன்னும் என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சோப்பை நிறுத்துங்கள். பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் நமக்குக் காவல். சோப்பும் வாசனைத் திரவங்களும் அவற்றைக் கலைத்துவிடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். இது அசுத்தத்தால் வரும் நோய் இல்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. பெண்களின் சிறுநீர்த்தாரை, அதாவது சிறுநீர் வெளியே வரும் குழாய், சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கோ கிட்டத்தட்ட 20. கிருமிக்குப் பயணம் அவ்வளவு சுலபம். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

எனக்கும் இந்தத் தொல்லை பல வருடம் இருந்தது. அவசரமாக ஓடினால் ஒரு ஸ்பூன்கூட வராது, கடைசிச் சொட்டில் சுருக்கென்று எரியும், கதவைச் சாத்துவதற்குள் மறுபடி முட்டும். ஒவ்வொரு முறையும் அதே மாத்திரையைத்தான் எழுதித் தந்தார்கள். புதிதாகப் பார்த்த மருத்துவர் யூரின் கல்ச்சர் எடுக்காமல் மருந்தே தரமாட்டேன் என்றார். சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை அது. ரிப்போர்ட்டில் அந்தப் பழைய மாத்திரைக்கு நேரே 'ஆர்' என்று இருந்தது. அதாவது கிருமி அதற்கு மசியாது. நைட்ரோஃபுரான்டாயின் என்ற வேறு ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் கொடுத்தார், அடங்கியது.

அதனால் நீங்களும் கல்ச்சர் கேளுங்கள். ஆன்டிபயாடிக் முதல் மாத்திரை போடும் முன்பே மாதிரி தர வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள், டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது, சீக்கிரம் லேபில் கொடுத்துவிடுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் மருத்துவர் அதற்குள் ஒரு மருந்தைத் தொடங்கி, ரிப்போர்ட் பார்த்து மாற்றுவார். போன தடவை மிஞ்சிய மாத்திரையை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

தண்ணீர் விஷயம் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வந்த பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்புறம், விந்தணுக்கொல்லி தடவிய கருத்தடைச் சாதனம் பயன்படுத்தினால் வேறு முறைக்கு மாறுவதைப் பற்றிக் கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) க்ரீம் நன்றாகவே உதவுகிறது. பலர் கேட்கக்கூட தயங்கும் மருந்து இது. கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழம் மறுபடி வருவதைச் சிலருக்குக் குறைக்கலாம், வந்ததைக் குணப்படுத்தாது.

குளிர் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலைக்கூட விடக்கூடாது. அவர்களுக்கு அறிகுறியே இல்லாமல் கிருமி தெரிந்தாலும் சிகிச்சை வேண்டும். மற்றவர்களுக்குப் பொதுவாக அப்படி இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்தால், "இதற்கு மருந்து அவசியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.