‘இன்னும் 15 நிமிடம்’ எனும் பொத்தான்

கேள்வி: இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நாளைக்கு 30 நிமிடம்தான் என்று போனில் வரம்பு வைத்தேன். முதல் சில நாள் சரியாக இருந்தது. இப்போதெல்லாம் எச்சரிக்கை வந்ததுமே விரல் தானாக அதைத் தள்ளிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: வரம்பைத் தாண்டும் பொத்தானும் உங்கள் கையில்தானே இருக்கிறது! ஐபோன் ‘ஸ்கிரீன் டைம்’ என்றால், வரம்பு முடிந்ததும் இன்னும் ஒரு நிமிடம், 15 நிமிடம், இன்று முழுவதும் என மூன்று சலுகை காட்டும். அதற்குக் கடவுச்சொல் போட்டு, ‘வரம்பு முடிந்ததும் தடு’ என்பதை ஆன் செய்யுங்கள். கடவுச்சொல் இல்லாவிட்டால் இந்த வசதியே கண்ணில் படாது. கடவுச்சொல்லின் நான்கு எண்களையும் வீட்டில் இன்னொருவர் அமைக்கட்டும். மறந்தால் மீட்பதற்கென்று கேட்கும் இடத்தில் உங்கள் ஆப்பிள் கணக்கைக் கொடுத்தீர்களானால், நீங்களே மாற்றிக்கொள்வீர்கள், பூட்டியதில் அர்த்தமில்லை.

ஆண்ட்ராய்டின் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’கில் நேரம் முடிந்ததும் ஆப் சாம்பல் நிறமாகி நின்றுவிடும். அதில் ஒரு ஓட்டை: நேரக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்கும். 11.50க்குப் படுக்கையில் ரீல்ஸ் பார்ப்பவருக்குப் பத்தே நிமிடத்தில் அடுத்த நாள் பங்கும் கைக்கு வந்துவிடும். இதற்கு ‘ஃபோகஸ் மோட்’ உதவும். இன்ஸ்டாகிராமைத் தேர்ந்தெடுத்து, இரவு 10 முதல் காலை 7 வரை என்று அட்டவணை போடுங்கள். ஐபோனில் இதே வேலைக்கு ‘டவுன்டைம்’. ஆண்ட்ராய்டின் ‘பெட்டைம் மோட்’ போதாது. அது திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும், ஒலியை அடக்கும், ஆப்பைத் தடுக்காது. கறுப்பு வெள்ளைத் திரைக்கு ரொம்பப் புகழ் உண்டு. ஆனால் பலருக்கும் கண் சீக்கிரமே பழகிவிடுகிறது.

இன்னொன்று, இரண்டரை மணி நேரம் பார்ப்பவர் ஒரேயடியாக 30 நிமிடத்துக்கு இறங்கினால் நிற்காது. ஒரு வாரச் சராசரியைப் பார்த்து, அதில் கால் பங்கைக் குறையுங்கள். அது பழகியபின் மறுபடி கால் பங்கு. கூடவே, போனை எத்தனை முறை கையில் எடுத்தீர்கள், எடுத்ததும் முதலில் திறந்தது எந்த ஆப் என்பதையும் ஸ்கிரீன் டைமில் பாருங்கள். மொத்த நிமிடத்தைவிட அந்தப் பட்டியல்தான் முக்கியம். முதலிடத்தில் இருக்கும் ஆப்பை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, பெயரைத் தட்டச்சு செய்து தேடித்தான் திறப்பது என்று வையுங்கள்.

கேள்வி: நோட்டிஃபிகேஷனை அணைத்தால் அவசரச் செய்தி தவறிவிடாதா?

பதில்: அழைப்பையும் தனிநபர் செய்தியையும் விட்டுவைத்து, விருப்பக்குறி, பரிந்துரை, ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ வகையறாவை மட்டும் அணையுங்கள். ஆப் மேல் ஒட்டியிருக்கும் சிவப்பு எண்ணையும் சேர்த்துத்தான். வாட்ஸ்அப் குழுக்களை ஆர்க்கைவ் செய்து, செட்டிங்ஸில் ‘ஆர்க்கைவிலேயே வைத்திரு’ என்பதை ஆன் செய்தால், புதுச் செய்தி வந்தாலும் குழு மேலே ஏறி வராது. உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்களுக்குப் பதில் எழுதினாலோ அறிவிப்பு வரும்.

கேள்வி: யூடியூபில் ஒரு பாடம் பார்க்கப் போனால் ஒரு மணி நேரம் கழித்து வேறெங்கோ இருக்கிறேன்.

பதில்: பார்த்தவற்றின் பட்டியலை நிறுத்துங்கள், பழையதையும் அழியுங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது, பழைய பதிவுகளை வைத்தே பரிந்துரை தொடரும். இரண்டையும் செய்தால் முகப்பு ஏறக்குறைய வெறுமையாகி, தேடல் பெட்டி மிஞ்சும். 2023லிருந்து இப்படித்தான். அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். நஷ்டம் ஒன்று உண்டு: பாதியில் விட்ட பாடத்தை எங்கே விட்டோம் என்று நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆப்பை நீக்கினால் கணக்கும் போய்விடுமா?

பதில்: போகாது. வாரத்தில் ஓரிரு முறை கணினி பிரவுசரில் பார்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள், கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.