பாலத்தைக் காணோம்

அன்புள்ள ஐயா,

சரித்திரப் படம் வந்தாலே ‘இது நடக்கவில்லை, அது தப்பு’ என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. போன கட்டுரையில் நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். சினிமா என்ன பாடப்புத்தகமா? ஆளை இரண்டரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டாமா? ‘எல்லாம் கற்பனையே’ என்று முதலிலேயே போட்டுவிடுகிறார்கள், அப்புறம் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உட்காரவைக்கத்தான் வேண்டும். இந்த வாள் அந்தக் காலத்து வாள் இல்லை என்று கணக்கெடுத்தபடி படம் பார்ப்பவர்களோடு எனக்கும் ஒட்டாது. அரசனும் அரசியும் தனியே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குப் பதிவா இருக்கிறது? அதை எழுதுகிறவர் கற்பனை செய்யத்தான் வேண்டும்.

என் சண்டை வேறு. ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸைப் பற்றி 1995-இல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1297-இல் ஸ்டிர்லிங்கில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஜெயித்ததே ஒரு குறுகலான மரப்பாலத்தால்தான். இங்கிலாந்துப் படை அதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆற்றைக் கடக்க முடிந்தது. ஒரு பகுதி வந்து சேரும்வரை வாலஸும் அவரோடு சேர்ந்து படையை நடத்திய ஆண்ட்ரூ மோரேயும் பொறுத்திருந்தார்கள். அப்புறம் குன்றிலிருந்து இறங்கிப் பாலத்து முனையை அடைத்துவிட்டார்கள். வந்தவர்கள் திரும்ப முடியவில்லை, அக்கரையில் நின்றவர்கள் உதவிக்கு வர முடியவில்லை. சேற்று நிலத்தில் குதிரைப்படையும் எடுபடவில்லை. படத்தில் பாலமும் இல்லை, மோரேயும் இல்லை. வெட்டவெளியில் இரண்டு கூட்டம் மோதுகிறது. எது விறுவிறுப்பு, நீங்களே சொல்லுங்கள். பெரிய படை எப்படித் தோற்றது என்பதற்கான பதிலையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அதே படத்தில் இங்கிலாந்துப் பட்டத்து இளவரசனின் மனைவி இசபெல்லா வாலஸின் பிள்ளையைச் சுமக்கிறாள். வாலஸ் கொல்லப்பட்ட 1305-இல் அவளுக்குச் சுமார் பத்து வயது. மணமாகி இங்கிலாந்துக்கு வந்ததே 1308-இல். அவள் மகன் மூன்றாம் எட்வர்ட் பிறந்தது 1312-இல். ஏழு வருஷக் கர்ப்பம்!

சரி, அந்தக் ‘கற்பனை’ அட்டைக்கு வருவோம். அது பரவியதே ஒரு வழக்குக்குப் பிறகுதான். ரஷ்ய அரச குடும்பத்தை ஆட்டிவைத்த சாமியார் ரஸ்புதினைப் பற்றி எம்ஜிஎம் நிறுவனம் 1932-இல் எடுத்த படத்தில் ரஸ்புதினால் சீரழிக்கப்படும் இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள் என்று ரஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டார். 1934-இல் எம்ஜிஎம் நிறுவனத்துக்கு எதிராக 25,000 பவுண்டு நஷ்டஈடு தீர்ப்பானது. ஆக, அந்த அட்டை கோர்ட்டுக்குப் பயந்து போட்டது. உங்களையும் என்னையும் நினைத்து அல்ல. இரினா உயிரோடு இருந்தார், கேட்டார். மோரே ஸ்டிர்லிங்கில் பட்ட காயத்தால் இறந்தார் என்கிறார்கள். அவரைக் கதையிலிருந்தே எடுத்ததற்கு யார் வழக்குப் போடுவது?