ஏடிஎச்டி வரையறை ஏன் மாறியது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கவனக்குறைபாடும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டி, அடங்காத நடத்தை ஆகியவற்றைக் கண்டறியும் விதிகளை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல், மனநோய்களை வரையறுக்கும் தன் டிஎஸ்எம்-5 கையேட்டில் திருத்தியது. அதையொட்டி வந்த கேள்விகள் இவை. உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் இங்கே கேட்காதீர்கள். நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

டாக்டர், முன்பு ஏடிஎச்டி 7 வயதுக்குள் தெரிய வேண்டும் என்றார்கள். இப்போது 12 என்கிறார்கள். ஏன்?

ஏழு என்ற எல்லைக்கு வலுவான ஆதாரம் எப்போதுமே இருந்ததில்லை. ஏழுக்கு முன் தொடங்கிய பிள்ளைகளையும் பின் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டால், நோயின் போக்கிலோ மருந்து பலன் தருவதிலோ பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு மாற்றமும் உண்டு. கையேட்டின் 1994 பதிப்பு ஏழு வயதுக்குள் பாதிப்பே தெரிந்திருக்க வேண்டும் என்றது. இப்போது 12-க்குள் பல அறிகுறிகள் இருந்தால் போதும். ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை இரண்டாம் வகுப்பில் யார் கண்ணிலும் படமாட்டாள். ஆறாம் வகுப்பில் பாடம் கூடும்போதுதான் மாட்டுவாள்.

அப்படியென்றால் சேட்டை செய்யும் எல்லாப் பிள்ளைக்கும் முத்திரை குத்திவிடுவார்களே?

நியாயமான பயம். 1994 பதிப்புக் குழுவின் தலைவர் ஆலன் ஃபிரான்சிஸே இதைச் சொல்லிச் சண்டை போட்டார். ஆனால் அறிகுறிப் பட்டியல் மாறவில்லை: கவனத்துக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. ஏதாவது ஒன்றில் ஆறு, 17 வயதிலிருந்து ஐந்து. ஆறு மாதம் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், வாழ்க்கையைக் கெடுக்கவும் வேண்டும். பத்து நிமிடத்தில் முடிவு சொல்பவர் இந்த விதிகளைப் பார்ப்பதே இல்லை. அது கையேட்டின் தப்பு அல்ல.

என் மகனுக்கு ஆட்டிசம். ஏடிஎச்டியும் சேர்ந்து இருக்கலாமா?

இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எழுதக்கூடாது என்ற தடை 2013-இல் நீங்கியது.

நான் ஆசிரியர். நான்காம் வகுப்புப் பையன் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறான். ஓடிடி என்னும் எதிர்ப்பு நடத்தைக் கோளாறா?

எத்தனை முறை, யாரிடம் என்று பாருங்கள், சார். இந்த வயதில் வாரம் ஒருமுறையாவது, ஆறு மாதமாவது இருக்க வேண்டும். எட்டில் நான்கு அறிகுறிகள் தேவை. அண்ணன் தம்பி சண்டை மட்டும் கணக்கில் வராது, வேறு ஒருவரிடமாவது காட்ட வேண்டும். எரிச்சல், வாக்குவாதம், பழிவாங்கல் என்று அறிகுறிகளை இப்போது மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு இது பயனுள்ள பிரிவு. எரிச்சல் மிகுந்த பிள்ளை பின்னாளில் மனச்சோர்வுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அவனை அதட்டி வழிக்குக் கொண்டுவர முடியாது.

டிஎம்டிடி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. இது என்ன புதுசு?

புதுசுதான், 2013-இல் சேர்த்தது. அடிக்கடி கோபம் வெடிப்பதும் தீராத எரிச்சலும் கொண்ட கோளாறு. அமெரிக்காவில் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில், எப்போதும் எரிந்து விழும் பிள்ளைகளுக்கு பைபோலார் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று எழுதி அதற்கான மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் வேகமாகப் பெருகியது. அதைத் தடுக்கத்தான் இந்தப் பெயர். வாரம் மூன்று முறையாவது கோப வெடிப்பு, நடுவிலும் ஏறக்குறைய தினமும் எரிச்சல், ஓராண்டு நீடிப்பு. தொடக்கம் 10 வயதுக்கு முன். ஓடிடியும் பொருந்தினால் டிஎம்டிடி மட்டும் எழுதுவார்கள்.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஒரே பிள்ளையை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்க்கும் களச் சோதனையில் ஏடிஎச்டிக்கு ஒப்புதல் அளவு 0.61, இதற்கு 0.25 (முழு ஒப்புதல் என்றால் 1). உலக சுகாதார நிறுவனமும் இதைத் தனி நோயாக ஏற்கவில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, நீடித்த எரிச்சலுடன் கூடிய ஓடிடி என்றே வைத்தது. நான் அந்தப் பக்கம்தான். ரிப்போர்ட் எழுதியவரிடம் ஒன்று கேளுங்கள், அம்மா: வெடிப்பு இல்லாத நாட்களில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாரா? விசாரிக்கவில்லை என்றால் மருந்து தொடங்கும் முன் இன்னொருவரிடம் காட்டுங்கள்.