தயிர்சாதம், அப்பளம், பிஸ்கட் மட்டும் சாப்பிடும் மகன்: பட்டினி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. தயிர்சாதம், அப்பளம், ஒரே ஒரு கம்பெனி பிஸ்கட், இவ்வளவுதான் சாப்பாடு. வேறு எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே, ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா சாப்பிடுவான்" என்கிறார் மாமியார். செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வேளைகூட வேண்டாம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பசி என்ற உணர்வே நம்மைப்போல் தெளிவாகத் தெரிவதில்லை. பட்டினி போட்டால் துவண்டு படுத்துவிடுவார்களே தவிர சாம்பாருக்குக் கை நீட்ட மாட்டார்கள். அதோடு, சாப்பிட உட்காரும் இடமே பயமாகிவிடும். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

அவன் அடம்பிடிக்கவில்லை என்பதை முதலில் நம்புங்கள். தயிர்சாதத்தை அவன் வாயால் யோசித்துப் பாருங்கள்: வெள்ளை, குளிர்ச்சி, முதல் வாயும் கடைசி வாயும் ஒரே மாதிரி. சாம்பார் சாதத்தில் ஒரு வாயில் முருங்கைக்காய் நார், அடுத்ததில் கடுகு, அதற்கடுத்து நாக்கில் ஒட்டும் கறிவேப்பிலை. நமக்கு அது ருசி, அவனுக்கு ஒவ்வொரு வாயும் அதிர்ச்சி. தொடுதல், மணம், சத்தம் போன்றவற்றை வேறு விதமாக உணர்வதை 2013-லேயே ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை.

முதலில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், மூன்று நாள் மலம் கழிக்காத பிள்ளைக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்? சொத்தைப் பல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்று உணவிலும் இரும்புச்சத்து குறைவு, வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. இப்படிச் சாப்பிடும் குழந்தைகளுக்கு ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் நோய்) வந்ததாகவே மருத்துவப் பதிவுகள் உண்டு. சத்துக்குச் சொட்டு மருந்தோ சிரப்போ தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். யாராவது "பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும்" என்று சொன்னால் கேட்காதீர்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. தயிரையும் பிடுங்கிவிட்டால் அவனுக்கு என்னதான் மிச்சம்?

சரி, புது உணவுக்கு எப்படிப் போவது? நான் என்றால் அப்பளத்தில் தொடங்குவேன். அந்த மொறுமொறுப்பு அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதையே பிடித்துக்கொண்டு நகரலாம். அதே அப்பளத்தை உடைத்து வையுங்கள். அப்புறம் அரிசி வடாம், அப்புறம் விரல் அகலத்துக்கு வெட்டிய முறுகல் தோசை, அது பழகிய பிறகு அந்த மாவில் ஒரு ஸ்பூன் ராகி. ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமோ மூன்று வாரமோ ஆகட்டும். புதியதை அவன் தட்டில் வைக்காமல் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தொடலாம், முகரலாம், நக்கிவிட்டுத் துப்பலாம், துப்புவதற்கு ஒரு டம்ளரும் வைத்துவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி மூன்று வாரம் வடாமைக் காதருகே வைத்து உடைத்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டாள். நான்காவது வாரம் ஓரத்தை நக்கினாள். அன்று அவள் அம்மா அழுதுவிட்டார். சாதாரணக் குழந்தைகளுக்கே ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை காட்ட வேண்டியிருக்கும், இவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: தயிர்சாதத்துக்குள் கேரட்டை மசித்து ஒளித்து வைப்பது. கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் தயிர்சாதமும் போய்விடும்.

தாளிக்கும் நெடி அடங்கிய பிறகு அவனை உட்கார வையுங்கள், கால் தொங்காமல் ஒரு முக்காலி போடுங்கள். போனைக் காட்டி ஊட்டினால் வயிறு நிறையும், ஆனால் வாயில் என்ன போகிறது என்றே தெரியாததால் எந்த உணவும் அவனுக்குப் பழகாது.

மாமியாரிடம் வாதம் வேண்டாம், வேலை கொடுங்கள். "அத்தை, இவனுக்கு வடாம் போட்டுத் தர்றீங்களா, எல்லாம் ஒரே அளவுல இருக்கணும்" என்று கேளுங்கள். மாவு பிழியும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கை வைக்க விரும்பினால் வைக்கட்டும்.

எடை குறைந்தாலோ, இருக்கும் மூன்றில் ஒன்றை அவன் நிறுத்திவிட்டாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.