விட்ட இடத்திலிருந்து எழுதுவது: கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களில் கதை எழுதிக்கொண்டிருப்பவர்களும், எழுதி நின்றுபோனவர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிறுகதைக்காரர்.

நீடாமங்கலம்: ஐயா, குத்தகைச் சாகுபடி. ஆடியில் இறங்கினால் தையில்தான் கரையேறுகிறேன். கல்லூரியில் நிறையக் கதை எழுதினேன். இப்போது நோட்டைத் தொட்டே ரொம்ப நாளாச்சு. விவசாயிக்கு இது ஒத்துவராதா?

நடவு, அறுப்பு நாட்களில் எழுத வேண்டாம் தம்பி. ஆள் கிடைக்காமல், மெஷின் வராமல் அலையும்போது கதை வராது, எரிச்சல்தான் வரும். ஆனால் சாகுபடியில் சும்மா காத்துக்கிடக்கிற பொழுதும் நிறைய உண்டே. அரசு நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாக நெல்லை எடுக்க மாட்டார்கள். களத்தில் கொட்டிக் காயவைத்து, சாயங்காலம் குவித்து, பனிக்குத் தார்ப்பாயை இழுத்து மூடி, ஆடு மாடு வாய்வைக்காமல் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிறீர்கள். அந்த ராத்திரியில் பக்கத்துக் குவியல்காரர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார். 40 கிலோ நெல் மூட்டை தைக்கிறவர் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். அதில் ஒரு பேச்சை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, நாலு வரி எழுதி வையுங்கள். அட்டையின் பின்பக்கம் போதும். அதைக் கதை என்று நினைக்கவே வேண்டாம்.

அப்புறம் உளுந்து, பயறு எடுத்த பிறகு, மேட்டூர் அணை திறக்கும்வரை கொஞ்சம் மூச்சு விடலாம். வழக்கமான தேதி ஜூன் 12. அந்தக் கோடையில் நாலு வரிகளை எடுத்து விரியுங்கள். போர்செட் வைத்துக் கோடை நெல்லும் போடுகிறவர் என்றால் என்னிடம் பதில் இல்லை; உடம்பையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை: வருஷத்துக்கு ஒரு கதைதான் வருகிறது. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாக. சிறுகதைக்காரர் மௌனி எழுதியதே மொத்தம் இருபத்துச் சொச்சம் கதைகள்தான். அவர் மாதிரி எழுதப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

கும்பகோணம்: கடை வைத்திருக்கிறேன். வியாபாரமும் எழுத்தும் சேருமா சார்?

உங்கள் ஊர் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர்தான். 1993-இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கினார். சேரும் என்பதற்கு இவரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தயக்கம் உண்டு. கையில் பணமில்லாத காலத்தில் சம்பாத்தியத்துக்காகவே மொழிபெயர்ப்பும் வாழ்க்கை வரலாறுமாக எழுதித் தள்ளியவர் அவர். ஆகவே கடையை மூடிவிட்டு எழுத வராதீர்கள். கடையில் கூட்டமில்லாத மத்தியானம் இருக்கிறது, கல்லாவுக்குப் பக்கத்தில் பில் நோட்டும் இருக்கிறது.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: மூன்று நாவல் ஆரம்பித்தேன் சார். எல்லாம் மூன்றாவது அத்தியாயத்தோடு நிற்கிறது.

தம்பி, முதல் அத்தியாயத்தை எத்தனை தடவை திருத்தினீர்கள்? கொஞ்ச நாள் விட்டுப்போகும், திரும்பி வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிப்பீர்கள், ஒரு சொல் உறுத்தும், மாற்றுவீர்கள், அன்றைய ராத்திரி அதிலேயே போய்விடும். முதல் அத்தியாயம் மட்டும் பளபளவென்று இருக்கும். இனிமேல் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே எழுதுங்கள். பேர் மாறியிருந்தாலும் பரவாயில்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எழுந்திருக்கும்போது அடுத்து என்ன வரப்போகிறது என்று ஒரு வரி குறித்துவிட்டு எழுந்திருங்கள். ‘அத்தை பஸ்ஸைத் தவறவிடுகிறாள், பையில் வெற்றிலை’ — இவ்வளவு போதும். எழுத்து நின்றுபோகிற வீடுகளில் நான் பார்த்தவரை நேரம் இல்லாததைவிட, விட்ட இடம் தெரியாததுதான் பெரிய தொல்லை.

திருவாரூர்: வேலைக்கும் போகிறேன், வீட்டிலும் வேலை. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். எழுதுவதை வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம்தான் சார். மாமியார் மாதிரி ஒரு ஆள் கதையில் வந்தாலே கை நின்றுவிடுகிறது.

இந்தப் பயம் நியாயமானது அம்மா. ‘தைரியமாக எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டு நான் போய்விடலாம், அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தானே. ஆளை மாற்றிப் பாருங்கள். மாமியாரை ஒண்டிக்கட்டைப் பெரியப்பாவாக்கி, அவரைச் சீர்காழியில் ஒரு லாட்ஜ் மேனேஜர் ஆக்குங்கள். சாம்பார் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடுகிற அந்தக் கையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் கைதான். இப்படி மாற்றினால் யாருக்கும் அவ்வளவு சுலபமாக அடையாளம் தெரியாது. அவர்மேல் உங்களுக்கே கொஞ்சம் இரக்கம்கூட வரலாம். அது கதைக்கு நல்லது.

போனில் எழுதினால் பூட்டு போடலாம். வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு சிநேகிதிக்கு மட்டும் அனுப்பி, ‘மாசக் கடைசியில் கதை எங்கே என்று கேள்’ என்று சொல்லி வையுங்கள். பாராட்டுவதை அவர் மறந்தாலும் பரவாயில்லை, கேட்பதை மறக்கக் கூடாது.

பட்டுக்கோட்டை: கண்புரை. எழுதவே முடியவில்லை.

எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலனுக்கும் கண்புரையால் பார்வை மங்கியது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தங்கை சேது அம்மாள். பிறகு அந்தத் தங்கையே எழுத்தாளர் ஆனார். பேரப்பிள்ளை யாராவது இருந்தால் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் போனிடம் தமிழில் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது. ஊர்ப்பேரில்தான் தப்பு வரும். ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேதாரண்யம்: நோட்டா, போனா?

கைக்கு எது வருகிறதோ அது. நோட்டு என்றால் பக்கங்களை அவ்வப்போது போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.