‘ஐ யெஸ்டர்டே மார்க்கெட் வென்ட்’: ஏன் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்?

கோத்தகிரி பக்கம் மாலை வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் வகுப்பில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள், படுகர் வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் வேலைக்கு ஜார்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். ஆங்கிலம் எழுதச் சொன்னால் ‘ஐ யெஸ்டர்டே மார்க்கெட் வென்ட்’ என்று ஒரே தப்பைச் செய்கிறார்கள். வேறு வேறு மொழிக்காரர்களுக்கு ஒரே தப்பு எப்படி வரும்? எப்படித் திருத்துவது?”

டீச்சர், மொழிகள்தான் வேறு, சொற்களின் வரிசை ஒன்றுதான். தமிழ், படுகு, இந்தி, ஜார்கண்டில் பேசும் சாத்ரி, முண்டாரி எல்லாவற்றிலும் யார், எதை என்று சொல்லிவிட்டுத்தான் என்ன செய்தார் என்பதற்கு வருவோம். தோடர், கோத்தர் மொழிகளும் அப்படியே. 1930-களில் நீலகிரியில் தங்கி இந்த இரண்டு மொழிகளையும் பதிவுசெய்த மொழியியலாளர் எமனோதான், குடும்பம் வேறானாலும் இந்திய மொழிகள் பக்கத்தில் வாழ்ந்தே பல பழக்கங்களைப் பகிர்ந்துகொண்டன என்று 1956-இல் எழுதியவர். (ஜார்கண்டின் குருக் மொழி திராவிடக் குடும்பமே. அதைப் பேசும் பிள்ளை உங்களிடம் இருந்தால், தமிழுக்குத் தூரத்துச் சொந்தம்.)

உலகத்தில் நம்முடையதுதான் பெரிய கூட்டம். 1,300-க்கும் அதிகமான மொழிகளை எண்ணிப் பார்த்ததில் சுமார் 41 சதவீதம் வினையைக் கடைசியில் வைக்கின்றன. ஆங்கிலம்போல் நடுவில் வைப்பவை சுமார் 35 சதவீதம். ஐரிஷ், வெல்ஷ் போல வினையில் தொடங்குபவை பத்து சதவீதம்கூட இல்லை.

ஆங்கிலம் ஏன் வரிசையில் இவ்வளவு கறார்? ‘சிறுத்தை நாயை அடித்தது’ என்றாலும், ‘நாயைச் சிறுத்தை அடித்தது’ என்றாலும் செத்தது நாய்தான். ‘நாயை’யில் இருக்கும் ‘ஐ’ உருபு அர்த்தத்தைக் காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் நாய் சிறுத்தையை அடித்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம்முடையதுபோல் வேற்றுமை விகுதிகள் இருந்தன, வினை கடைசியில் நிற்கும் வாக்கியங்களும் இருந்தன. விகுதிகள் தேய்ந்து போக, நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்யவேண்டி வந்தது.

இனி முக்கியமான விஷயம். பல ஆசிரியர்கள் வினையை மட்டும் நகர்த்தச் சொல்லித் தருகிறார்கள். அது போதாது. 1963-இல் மொழியியலாளர் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு, வினை கடைசியில் வரும் மொழிகளில் உருபும் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்ற போக்கைக் காட்டினார். பாரசீகம்போல விலகுபவையும் உண்டு. ‘சந்தையில்’ நமக்கு, ‘இன் தி மார்க்கெட்’ அவர்களுக்கு. ‘போக முடியும்’ அங்கே ‘கேன் கோ’. ‘சந்தையில் கேரட் வாங்கிய அம்மா’வை அப்படியே வாலிலிருந்து தலைக்குப் படியுங்கள்: அம்மா, வாங்கிய, கேரட், சந்தையில். ‘தி மதர் ஹூ பாட் கேரட்ஸ் இன் தி மார்க்கெட்’ கிட்டத்தட்ட வந்துவிட்டது! ஒரே திசையில் அடுக்கினால், ஒன்றையொன்று தேடும் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கேட்பவர் எதையும் நெடுநேரம் மனதில் சுமக்கவேண்டாம். இன்று பல ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் இதுதான், எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

ஆகவே துண்டுச் சீட்டுகளில் தமிழ்ச் சொற்களை எழுதி, பிள்ளைகளைக் கையால் திருப்பி அடுக்கச் சொல்லுங்கள். முதலில் ‘சந்தை’, ‘இல்’ என்று இரண்டு சீட்டாகப் பிரித்த ‘சந்தையில்’, ‘மேசைக்கு மேலே’ போன்ற சின்னவை. அவை பழகிய பிறகு ‘போக முடியும்’. முழு வாக்கியம் அப்புறம். யார் செய்தார் என்பது மட்டும் இரண்டு மொழியிலும் முன்னாலேயே நிற்கும், அந்தச் சீட்டைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒருநாள் பேசாமல் சைகையால் மட்டும் ‘பையன் பந்தை உதைத்தான்’ என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆங்கிலம், சீனம், ஸ்பானிஷ், துருக்கி மொழி பேசுகிறவர்களிடம் இப்படிக் கேட்டார்கள். பெரும்பாலும் எல்லோருமே ஆளை, பொருளை, பிறகு செயலைக் காட்டினார்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள் உட்பட. உங்கள் பிள்ளைகள் எழுதியதும் அந்த வரிசைதான். அதைச் சிவப்பு மையில் அடிக்காமல், பக்கத்தில் திருப்பி எழுதிக் காட்டுங்கள்.