மீட்டர் ஏன் டிக்கியில் இருந்தது?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். 27வது கல்யாண நாளுக்கு நானும் கணவரும் வடமேற்கு இங்கிலாந்தில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம். நானும் கார் ஓட்டுவேன். மலைப்பாதை என்பதால் அவரே ஓட்டினார். காலை 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, கிராஸ்மியர் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்தோம். மதியச் சாப்பாடு வாஸ்ட்வாட்டர் ஏரிக்கரையில் என்றார். ஹார்ட்நாட் கணவாய் ஏறும்போது மணி இரண்டு. எதிரே வந்த காருக்கு ஒதுங்கச் சொன்னதற்கு என்மேல் எரிந்து விழுந்தார். அந்தக் குளிர்காற்றிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இறக்கத்தில் ரோமானியக் கோட்டை அருகே நிறுத்தி, கிராஸ்மியரில் வாங்கிய ஜிஞ்சர்பிரெட் என்கிற இஞ்சி இனிப்பைத் தின்றார். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல ‘அடுத்து எங்கே?’ என்கிறார். இன்சுலின் போடுபவர்தான், சுகர் பார்க்கும் மீட்டர் டிக்கியில் சூட்கேசுக்குள் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இந்த மரியாதைதானா?

பதில்: மரியாதையைப் பிறகு பார்ப்போம், சகோதரி. மீட்டர் டிக்கியில் இருந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதமே அந்த வரிதான்.

பயணத்தில் கத்துகிற கணவர்களைப் பற்றி எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. வேர்த்துக் கொட்டி, காரணமில்லாமல் எரிந்து விழுந்து, இனிப்பு உள்ளே போனதும் தெளிகிறவர் விஷயம் வேறு. சுகர் இறங்கினால் இப்படித்தான் இருக்கும். அன்று அதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. சொல்லியிருக்க வேண்டிய கருவி சூட்கேசுக்குள் கிடந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: காலை ஊசி, இரண்டு மணி நேர நடை, மதியம் இரண்டு வரை வெறும் வயிறு. நடை இன்சுலினின் வேகத்தைக் கூட்டும். ஹார்ட்நாட்டோ மூன்றடிக்கு ஓரடி ஏறுகிற, ஒரே ஒரு கார் போகும் அகலமுள்ள கொண்டை ஊசிச் சாலை. ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும், இறக்கத்தில் சின்ன கியரில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். குழம்பிய தலையோடு செய்கிற வேலையா இது? எதிரே வந்த காரிலும் ஒரு குடும்பம் இருந்திருக்குமே!

இன்சுலின் போடுபவர் வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் சுகர் பார்க்க வேண்டும். ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிரிட்டனில் இது விதி. இங்குள்ள மீட்டர் காட்டும் எண் (mmol/L கணக்கில்) 5-க்கு மேல் இருந்தால் ஓட்டலாம். 4-க்கும் 5-க்கும் நடுவில் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான். 4-க்குக் கீழே போனால் பத்திரமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையை விட்டே இறங்க வேண்டும். உடனே 150 முதல் 200 மில்லி பழச்சாறு, அல்லது நாலைந்து குளுக்கோஸ் மாத்திரை. ஜிஞ்சர்பிரெட் உதவாது, அதிலுள்ள வெண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, பிறகு சாண்ட்விச் மாதிரி ஏதாவது சாப்பிட வேண்டும். 5 வந்த பிறகும் 45 நிமிஷம் ஓட்டக்கூடாது. மீட்டரும் ஜூஸும் இருக்க வேண்டிய இடம் கை எட்டும் தூரம்.

இதெல்லாம் அவர் பாடு என்று நீங்கள் இருந்துவிட்டீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டீர்களா என்று நான் கேட்கமாட்டேன். அது அவர் வேலை. ஊசி போட்ட மனிதர் ஆறு மணி நேரம் சாப்பிடவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரை இன்னும் கடுமையாகக் கேட்பேன். இன்சுலின் போடுவதை ஓட்டுநர் உரிமம் தரும் டிவிஎல்ஏவுக்குச் சொல்லியிருக்கிறாரா? சொல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். மனைவியை உட்காரவைத்து ஓட்டுகிறவர் சுகர் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் தொட்டது, கத்தியதைவிடப் பெரிய தப்பு.

அடுத்த முறை இப்படிப்பட்ட செங்குத்துக் கணவாய்கள் வேண்டாம். விண்டர்மியரிலிருந்து ஆம்பிள்சைடு, கிராஸ்மியர், தேர்ல்மியர் வழியாகக் கெஸ்விக் வரை போகும் ஏ591 சாலை போதும். இருவழிச் சாலை, வழியெல்லாம் ஏரி, சாப்பிட ஊர்கள். கெஸ்விக்கில் காரை விட்டுவிட்டு டெர்வென்ட்வாட்டரில் படகில் சுற்றுங்கள். கார் இன்ஷூரன்ஸில் ஓட்டுநராக உங்கள் பெயரும் இருக்கட்டும்.

திங்கட்கிழமையே நீரிழிவு நர்ஸிடம் நேரம் வாங்குங்கள். அவரைத் தனியாக அனுப்பினால் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வருவார். நீங்களும் போய், காலை நடையிலிருந்து ஜிஞ்சர்பிரெட் வரை மணி நேரத்தோடு சொல்லுங்கள். சுகர் இறங்குவது அவருக்கே தெரியாமல் போகிறது என்றால் அவர் ஓட்டவே கூடாது. அது தெளியும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும்.